விசை யார் கையில்?

செயற்கை நுண்ணறிவு பற்றிய கருத்தரங்கு ஒன்றேனும் இல்லாமல் இன்று எந்தக் கல்லூரியின் கல்வியாண்டும் நிறைவடைவதில்லை. பேச வருபவர்களில் பாதிப்பேர் அது நம் வேலைகளைப் பறித்துவிடும் என்கிறார்கள். மறுபாதியினர் அது புதிய வேலைகளைத் தரும் என்கிறார்கள். நெடுங்காலம் பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில், இரு சாராரும் ஒரு கேள்வியைத் தாண்டிப் போய்விடுவதாகவே எனக்குத் தோன்றும். இயந்திரம் என்ன செய்யும் என்று கேட்பதற்கு முன், அதன் விசை யார் கையில் இருக்கும் என்று கேட்க வேண்டும் அல்லவா? தமிழில் அந்தக் கேள்வியை, இலட்சக்கணக்கானோர் வாசிக்கும் வார இதழின் தொடர்கதையிலேயே கேட்டவர் ஒருவர் உண்டு. அவர் எழுத்தாளர் சுஜாதா.

எஸ். ரங்கராஜன் என்ற இயற்பெயர் கொண்ட அவர் மறைந்தது 2008 பிப்ரவரி 27 அன்று. இன்று கல்லூரியில் நுழையும் மாணவர்களில் பலர் அப்போது பிறந்திருக்கக்கூட மாட்டார்கள். அவர்களுக்குச் சுஜாதா என்றால் ‘எந்திரன்’ திரைப்படத்தின் வசனகர்த்தா. சற்று மூத்தவர்களுக்குக் கணேஷ், வசந்த் என்னும் வழக்கறிஞர்களைப் படைத்த துப்பறியும் கதாசிரியர். அறிவியலைத் தமிழில் எளிமையாகச் சொன்னவர் என்றும், கணினியைக் கொண்டாடியவர் என்றும் ஒரு சித்திரம் நிலைத்துவிட்டது. அந்தச் சித்திரம் பொய்யன்று. ஆனால், அது பாதிதான். இயந்திரத்தை நேசித்த அதே மனிதர்தான் இயந்திரத்தின் பெயரால் நடக்கக்கூடிய ஆட்சியைக் கண்டு அஞ்சியவரும்கூட.

1935 மே 3 அன்று சென்னைத் திருவல்லிக்கேணியில் பிறந்தார். தந்தை மின்வாரியப் பணியாளர்; ஊர் ஊராக மாற்றலாகிச் செல்லும் வேலை. ஆதலால் சிறுவன் ரங்கராஜன் திருவரங்கத்தில் பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்தார். கோயிலும் தெருவும் சித்திரை வீதியின் மனிதர்களும் பின்னாளில் ‘ஸ்ரீரங்கத்து தேவதைகள்’ கதைகளாயின. திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் படித்தார். பின்னர் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மின்னணுவியல் பயின்றார். இவ்விரண்டு கல்வி நிறுவனங்களிலும் அதே காலத்தில் பயின்ற மற்றொருவர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம். விடுதலை பெற்ற நாட்டின் முதல் தலைமுறைப் பொறியாளர்கள் அவர்கள்.

படிப்பை முடித்தவர் மத்திய அரசின் விமானப் போக்குவரத்துத் துறையில் சில ஆண்டுகள் பணியாற்றினார். பிறகு பெங்களூரில் பொதுத்துறை நிறுவனமான பாரத் எலெக்ட்ரானிக்ஸில் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். பகலில் பொறியாளர், இரவில் எழுத்தாளர் என்ற இந்த இரட்டை வாழ்க்கை அவருடைய எழுத்தைப் புரிந்துகொள்ள மிகவும் முக்கியமானது. எதிர்காலத்தைக் கற்பனை செய்த எழுத்தாளர்களில் பலர் ஆய்வுக்கூடத்துக்கு வெளியே நின்று அதைப் பார்த்தவர்கள். சுஜாதாவோ இயந்திரம் எப்படித் திட்டமிடப்படுகிறது, எங்கே பழுதாகிறது, அதை வாங்குவதற்கான கோப்பு எத்தனை மேசைகளில் தேங்குகிறது என்பதையெல்லாம் அன்றாடம் பார்த்தவர்.

அவருடைய முதல் கதை 1953-இல் திருச்சியிலிருந்து வெளிவந்த ‘சிவாஜி’ இதழில் வந்தது. அறுபதுகளில் ‘குமுதம்’ இதழில் எழுதத் தொடங்கியபோது, அங்கே ரா.கி. ரங்கராஜன் ஏற்கெனவே புகழ்பெற்ற எழுத்தாளராக இருந்தார். பெயர்க் குழப்பம் நேராமலிருக்கத் தம் மனைவியின் பெயரையே புனைபெயராக்கிக்கொண்டார். 1968-இல் வெளிவந்த ‘நைலான் கயிறு’ தொடரால் வாசகர்களிடையே அவர் பெயர் பரவியது. அதே வேளையில், சிற்றிதழ் வாசகர்களுக்கான ‘கணையாழி’யின் கடைசிப் பக்கத்தையும் ஸ்ரீரங்கம் எஸ்.ஆர். என்ற பெயரில் எழுதிவந்தார். ஒரு பக்கம் இலட்சக்கணக்கான வாசகர்கள். மறுபக்கம் சில ஆயிரம் பேர். இரு தரப்பாரையும் ஒரே மனிதர் பல்லாண்டுகள் தக்கவைத்துக்கொண்டது தமிழ் இதழியலில் அரிதான நிகழ்வு.

எங்கள் வடசென்னைப் பகுதியில் அன்று புத்தகம் வாங்கிப் படித்தவர்கள் குறைவு. வாடகை நூலகத்தில் தொடர்கதைகளை வாரந்தோறும் பிரித்தெடுத்துத் தைத்து வைத்திருப்பார்கள். அட்டை கிழிந்து, பல கைகள் பட்டு மங்கிய அந்தத் தொகுப்புகளில்தான் நான் சுஜாதாவைப் படித்தேன். நடுவே ஓர் அத்தியாயம் காணாமற்போயிருந்தாலும் கதை புரிந்துவிடும். சொற்சிக்கனமும் வேகமும் கொண்ட நடை அது. படிக்கட்டில் ஒருவன் இறங்குவதைக் காட்ட, எழுத்துகளையே படிபோல இறக்கி அச்சிடச் செய்தவர் அவர்.

அவருடைய அறிவியல் புனைகதைகளைப் பற்றிப் பேசுவதற்கு முன், அறிவியலே இல்லாத ஒரு சிறுகதையை நினைவுகூர வேண்டும். ‘நகரம்’ என்ற அந்தக் கதையில், வள்ளியம்மாள் என்ற கிராமத்துப் பெண், கடும் காய்ச்சலில் கிடக்கும் மகள் பாப்பாத்தியை மதுரை அரசு மருத்துவமனைக்குக் கொண்டு வருகிறாள். பெரிய மருத்துவர் குழந்தையைப் பார்த்ததுமே நோயின் தீவிரத்தை உணர்ந்து, உடனே சேர்க்கச் சொல்லிவிடுகிறார். அதன் பிறகுதான் துயரம் தொடங்குகிறது. எந்தச் சீட்டை எங்கே கொடுப்பது, யாரிடம் கையெழுத்து வாங்குவது, எந்த அறை எந்தப் பக்கம் என எதுவும் எழுதப் படிக்கத் தெரியாத அந்தத் தாய்க்குப் புரியவில்லை. மறுநாள் காலையில் வரச் சொல்லிவிடுகிறார்கள். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்புகிறாள், தெய்வத்தை நம்பி. மருத்துவர் அந்தக் குழந்தையைத் தேடும்போது அது அங்கே இல்லை.

இக்கதையில் கொடியவர் எவரும் இல்லை என்பது கவனிக்கத்தக்கது. மருத்துவர் நல்லவர், ஊழியர்கள் தத்தம் வேலையைத்தான் செய்கிறார்கள். மருந்து இருக்கிறது, மருத்துவ அறிவும் இருக்கிறது. ஆயினும் அவை ஓர் ஏழைத் தாயின் கைக்கு எட்டவில்லை. பொருளியலில் நாங்கள் அணுகுவதற்கான செலவு என்று ஒன்றைக் குறிப்பிடுவோம். விலையே இல்லாமல் தரப்படும் ஒரு சேவையைப் பெறுவதற்குக்கூட எழுத்தறிவு, நேரம், தெரிந்தவர் துணை ஆகியவை தேவைப்படுகின்றன. அவை இல்லாதவருக்கு இலவசமும் எட்டாக் கனியே. பாடநூலில் பத்துப் பக்கங்களில் விளக்க வேண்டியதைச் சுஜாதா ஒரு தாயின் அரைநாள் அலைச்சலில் காட்டிவிட்டார். வகுப்பில் அந்தப் பாடம் வரும்போதெல்லாம் மாணவர்களை முதலில் இந்தக் கதையைப் படித்துவிட்டு வரச் சொல்வேன்.

பெரியதோர் அமைப்பின் முன் தனிமனிதர் திகைத்து நிற்கும் இந்தக் காட்சிதான் அவருடைய எதிர்காலக் கதைகளிலும் வேறு உடையில் வருகிறது. எண்பதுகளில் ‘ஆனந்த விகட’னில் தொடராக வந்த ‘என் இனிய இயந்திரா’ அவற்றுள் தலையாயது. அவர் கற்பனை செய்த காலம் இந்த நூற்றாண்டின் இருபதுகள். அதாவது, நாம் இப்போது வாழும் காலம். நாட்டை ஜீவா என்ற தலைவர் ஆள்கிறார். குழந்தை பெறுவதற்கும் அரசின் அனுமதி வேண்டும். பெயர்கள்கூட இரண்டெழுத்துக்குள் சுருங்கிவிட்டன. அத்தகைய நாட்டில் நிலா என்ற சாதாரணக் குடும்பப் பெண்ணின் கணவன் காணாமற்போகிறான். அவனைத் தேடும் அவளுக்குத் துணையாக வருவது ஜீனோ என்ற இயந்திர நாய். புத்தகம் படிக்கும், கேள்வி கேட்கும், தானாகச் சிந்திக்கத் தொடங்கும் நாய்.

கதையின் திருப்பத்தில், மக்கள் அஞ்சி வணங்கும் ஜீவா என்றொரு மனிதனே இல்லை என்று தெரியவருகிறது. அது வெறும் ஒளிப்படிமம். பின்னாலிருந்து இயக்குபவர்கள் வேறு. அதோடு கதை முடியவில்லை. அந்தப் பொய்த் தலைவனை வீழ்த்துவதாகப் புறப்பட்டவர்களே நிலாவை அரியணையில் பொம்மையாக அமர்த்தி, விசையைத் தங்கள் கையில் வைத்துக்கொள்கிறார்கள். ‘மீண்டும் ஜீனோ’ அங்கிருந்துதான் தொடர்கிறது. இல்லாத மனிதரின் முகத்தையும் குரலையும் யாரும் உருவாக்கிவிடக்கூடிய இன்றைய நிலையில் அந்தக் கற்பனையைப் படித்தால் வியப்பு மேலிடும். எனினும், எதை முன்கூட்டிச் சொன்னார் என்ற பட்டியல் எனக்கு அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. ஆள் மாறினாலும் விசை மக்களின் கைக்கு வந்துவிடாது என்று ஒரு பொழுதுபோக்குத் தொடரில் சொன்னாரே, அதுதான் பெரிது. ஜீனோவின் குறும்பில் மகிழ்ந்த வாசகர்கள் அந்தக் கசப்பையும் சேர்த்தே விழுங்கினார்கள்.

அவர் அந்தக் கதையை எழுதிய அதே காலகட்டத்தில் அலுவலகத்தில் அவர் கைகளில் இருந்த பணி என்ன என்று பார்த்தால், இரண்டையும் பிரிக்க முடியாது என்பது விளங்கும். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கித் தயாரித்த இரு பொதுத்துறை நிறுவனங்களுள் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஒன்று; மற்றொன்று ஹைதராபாதின் எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன். பெங்களூரில் அப்பணியை முன்னெடுத்த பொறியாளர்களில் முக்கியமானவர் ரங்கராஜன். 1982-இல் கேரளத்தின் பரவூர் சட்டப்பேரவைத் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் இயந்திரம் முதன்முதலாகப் பயன்பட்டது. சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று 1984-இல் உச்சநீதிமன்றம் கூறியது. 1988-இல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் திருத்தப்பட்டது. 2004 மக்களவைத் தேர்தலில் நாடு முழுவதும் வாக்குச்சீட்டின் இடத்தை இயந்திரம் பிடித்தது.

அந்த இயந்திரத்தின் அமைப்பைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். மின்இணைப்பு இல்லாத குக்கிராமத்திலும் மின்கலத்தால் இயங்கும். படிக்கத் தெரியாதவரும் சின்னத்தைப் பார்த்துப் பொத்தானை அழுத்தினால் போதும். ஒரு நிமிடத்துக்கு நான்கைந்து வாக்குகளுக்கு மேல் பதிவாகாது. சாவடியைக் கைப்பற்றியவர்கள் கட்டுக்கட்டாகச் சீட்டில் முத்திரை குத்தித் தள்ளிய காலத்தில், அந்த நிதானமே ஒரு பாதுகாப்பாக அமைந்தது. ‘நகர’த்தில் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நின்ற வள்ளியம்மாளைப் போன்ற ஒருத்தி, எவரிடமும் வழி கேட்காமல் பயன்படுத்தக்கூடிய இயந்திரம் அது. இரண்டையும் செய்தவர் ஒருவரே என்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால், ஒரே அக்கறையின் இரு முகங்களாகவே அவை எனக்குத் தெரிகின்றன.

அந்த இயந்திரத்தின்மீது பின்னாளில் ஐயங்கள் எழுந்தன என்பதையும் மறைப்பதற்கில்லை. வாக்காளர் தம் வாக்கைத் தாமே சரிபார்க்க உதவும் தாள் ஒப்புகைக் கருவி, 2013-இல் நாகாலாந்தின் நோக்சென் இடைத்தேர்தலில் முதன்முறையாக இணைக்கப்பட்டது. வாக்குச்சீட்டு முறைக்கே திரும்ப வேண்டும் என்ற கோரிக்கையை உச்சநீதிமன்றம் 2024-இல் ஏற்கவில்லை. இந்த விவாதத்தில் எவர் பக்கம் நியாயம் என்பது இக்கட்டுரையின் பொருளன்று. குடிமக்கள் இயந்திரத்தைப் பார்த்துக் கேள்வி கேட்பதும், அதற்கு விடையளிக்க அரசு கடமைப்பட்டிருப்பதும் ஆரோக்கியமான அறிகுறியே. ஜீவாவின் நாட்டில் அந்த உரிமைதான் இல்லாமற்போயிருந்தது.

அறிவியல் புனைகதை என்பதே மேல்நாட்டு இறக்குமதி என்று எண்ணுவோர் உண்டு. வங்கத்தின் ரொக்கேயா சகாவத் ஹுசைன் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ 1905-இல் அச்சேறியது நம் சென்னையிலிருந்து வெளிவந்த ஒரு மகளிர் இதழில்தான். பெண்கள் ஆளும் நாட்டில் சூரிய வெப்பம் அடுப்பெரிக்கிறது. ஆண்கள் வீட்டுக்குள் அடைபட்டிருக்கிறார்கள். அங்கும் அறிவியலைவிட அதிகாரம் யாரிடம் என்பதே மையம். செக் நாடகாசிரியர் காரல் சாபெக் உலகுக்குத் தந்த ‘ரோபோ’ என்ற சொல், கட்டாய உழைப்பைக் குறிக்கும் அவர் மொழிச் சொல்லிலிருந்துதான் உருவானது. ஆக, இந்த இலக்கிய வகை தொடக்கத்திலிருந்தே உழைப்பையும் ஆட்சியையும் பற்றியது. சுஜாதா அந்த மரபில் வந்தவர்.

அவரைப் போற்றுவது வேறு, குறைகளைக் காணாதிருப்பது வேறு. வாராவாரம் எழுதியதன் அவசரம் பல தொடர்களின் முடிவில் தெரிகிறது. பெண்களை வருணிக்கும் இடங்களில் அன்றைய வணிக இதழ்களின் ரசனைக்கு அவர் பெரிதும் இடம் கொடுத்தார். இன்றைய மாணவிகள் அவற்றைச் சுட்டிக்காட்டும்போது மறுக்க முடிவதில்லை. 1857 எழுச்சியைப் பின்னணியாகக் கொண்ட ‘கருப்பு சிவப்பு வெளுப்பு’ என்ற தொடர், ஒரு சமூகத்தினரின் எதிர்ப்பால் நிறுத்தப்பட்டு, பிறகு ‘ரத்தம் ஒரே நிறம்’ என்ற பெயரில் மீண்டும் எழுதப்பட்டது. எழுத்தாளருக்கும் வாசகச் சமூகத்துக்கும் இடையிலான உறவு எவ்வளவு நுட்பமானது என்பதை அந்த நிகழ்வு அவருக்கும் உணர்த்தியிருக்கும்.

என் மனத்தை அதிகம் உறுத்தும் குறை வேறொன்று. அவர் ‘என் இனிய இயந்திரா’வை எழுதிய எண்பதுகளில், வடசென்னையில் ஓர் எதிர்காலம் உண்மையாகவே வந்து இறங்கிக்கொண்டிருந்தது. 1983-இல் சென்னைத் துறைமுகத்தில் நாட்டின் முதல் தனிச் சரக்குப்பெட்டக முனையம் செயல்படத் தொடங்கியது. நாள்கணக்கில் ஆள்கள் மூட்டை சுமந்து இறக்கிய சரக்கைப் பாரந்தூக்கி மணிக்கணக்கில் இறக்கிவைத்தது. வணிகம் பெருகியது, நாட்டுக்கு நன்மையும் விளைந்தது. ஆனால், இராயபுரத்திலும் அதைச் சுற்றிலும் சுமைத் தொழிலை நம்பியிருந்த குடும்பங்களுக்கு அந்த இயந்திரம் இனியதாக இருக்கவில்லை. ஓர் இயந்திரம் வரும்போது அதன் இலாபம் ஓரிடத்திலும் அதன் செலவு வேறோர் இடத்திலும் சேரும் என்பது பொருளியலின் பால பாடம். சுஜாதாவின் எதிர்கால நகரங்களில் பொறியாளர்கள் இருக்கிறார்கள், ஆட்சியாளர்கள் இருக்கிறார்கள், அச்சமுற்ற குடிமக்கள் இருக்கிறார்கள். மூட்டை தூக்குபவரையும் குப்பை அள்ளுபவரையும் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

நான் வாழும் கொடுங்கையூரில் மாநகரின் குப்பை பல பத்தாண்டுகளாக மலையாகக் குவிந்து கிடக்கிறது. நகரம் நேற்று புதுமை என்று கொண்டாடி வாங்கிய கைப்பேசியும் கணினியும் தொலைக்காட்சிப் பெட்டியும் உடைந்த துண்டுகளாக இத்தகைய கிடங்குகளில்தான் வந்து முடிகின்றன. செம்புக் கம்பியையும் இரும்பையும் பிரித்தெடுத்து வயிறு கழுவும் மனிதர்களின் கைகளில் உறைகூட இருப்பதில்லை. அதே கொடுங்கையூரில்தான் கழிவுநீரை உயர்தொழில்நுட்பத்தால் தூய்மைப்படுத்தி மணலித் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையமும் இயங்குகிறது. அறிவியலின் ஆகச் சிறந்த பயனும் அதன் கழிவும் ஓரூரில் அடுத்தடுத்து நிற்கின்றன. இதைக் காணும்போதெல்லாம், சுஜாதா எழுதாமல் விட்ட கதை இதுதான் என்று தோன்றும். ‘நகரம்’ எழுதிய கைக்கு இது கடினமாக இருந்திருக்காது.

தொண்ணூறுகளில் ஓய்வு பெற்றுச் சென்னைக்கு வருவதற்கு முன்னும் வந்த பின்னும் அவர் பேனா ஓயவில்லை. ‘ஏன்? எதற்கு? எப்படி?’ என்ற கேள்வி-பதில் பகுதியால் ஒரு தலைமுறைக்கு அறிவியலில் ஆர்வம் ஊட்டினார். ‘தலைமைச் செயலக’த்தில் மூளையின் இயக்கத்தை விளக்கினார். ‘ரோஜா’, ‘இந்தியன்’, ‘முதல்வன்’ எனத் திரைக்கும் எழுதினார். பாசுரங்களையும் புறநானூற்றையும் எளிய தமிழில் அறிமுகம் செய்தார். ‘கற்றதும் பெற்றதும்’ பகுதியில் இளங்கவிஞர்களைத் தேடிப் பாராட்டினார்.

மக்களிடையே அறிவியலைப் பரப்பியதற்காக 1993-இல் மத்திய அரசின் தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. தமிழக அரசு கலைமாமணி பட்டம் வழங்கியது. சாகித்திய அகாதெமி விருது மட்டும் இறுதிவரை வரவில்லை. அறிவியலுக்கு விருது உண்டு, இலக்கியத்துக்கு இல்லை என்ற இந்தப் பிரிவினைதான் அவரை நாம் பாதியாகவே புரிந்துகொண்டதற்கும் காரணம் என்று நினைக்கிறேன். எதிர்காலக் கதை என்றால் சிறுவர் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட்டோம். அதனால், அவர் எழுப்பிய அரசியல் கேள்வியைத் திறனாய்வாளர்களும் எடுத்துக்கொள்ளவில்லை. பொருளியல் வகுப்புகளும் எடுத்துக்கொள்ளவில்லை.

இன்று அந்தக் கேள்வி நம் வாசலில் நிற்கிறது. கடன் தருவதா வேண்டாமா, வேலைக்கு அழைப்பதா வேண்டாமா, நலத்திட்டப் பட்டியலில் ஒரு பெயர் இருக்க வேண்டுமா கூடாதா என்பதையெல்லாம் கணிப்பொறி நிரல்கள் தீர்மானிக்கத் தொடங்கிவிட்டன. கைரேகை பதியவில்லை என்பதற்காக நியாயவிலைக் கடையிலிருந்து வெறும் பையோடு திரும்பும் முதியவள், வள்ளியம்மாளின் உடன்பிறப்பேயன்றி வேறு யார்? அங்கும் கொடியவர் எவரும் இல்லை. எல்லாரும் அவரவர் வேலையைத்தான் செய்கிறார்கள்.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் செயற்கை நுண்ணறிவுக்கெனப் புதிய பாடத்திட்டங்கள் உருவாகிவருகின்றன. அவற்றில் நிரல் எழுதக் கற்பிப்பதோடு, ‘நகரம்’ சிறுகதையையும் ‘என் இனிய இயந்திரா’ நாவலையும் பாடமாக வைக்கலாம். ஓர் இயந்திரத்தை வடிவமைக்கப்போகும் மாணவர், அதை எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாய் தனியாகப் பயன்படுத்த முடியுமா, அது தவறிழைத்தால் அவள் யாரிடம் போய் முறையிடுவாள், அதன் கழிவு எந்த ஊரில் போய்ச் சேரும் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை எழுதிய பிறகே தேர்ச்சி பெற வேண்டும். முதல் இரண்டு கேள்விகளைச் சுஜாதா நமக்குக் கொடுத்துச் சென்றிருக்கிறார். மூன்றாவது, கொடுங்கையூர்வாசிகளாகிய நாங்கள் சேர்ப்பது.

(கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர், ஓய்வு)